தீவின் கொசுவுக்கு விடுதியே பொறுப்பு

மாலத்தீவின் பா பவளத்தீவுக் கூட்டத்தில் குன்ஃபுனாது என்றொரு தீவு இருக்கிறது. தீவு முழுவதற்கும் ஒரே விடுதி, சோனேவா ஃபுஷி. மரங்கள் அடர்ந்த தீவு; மழை பெய்தால் இலையிடுக்கிலும் மரப்பொந்திலும் நீர் தங்கும். கொசு வளர இதைவிடத் தோதான இடம் கிடையாது. 2019-இல் அந்த விடுதி, பூச்சிமருந்துப் புகையை நம்புவதை விட்டுவிட்டு, ஜெர்மனியின் பயோஜென்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து தீவெங்கும் 500-க்கும் மேற்பட்ட பொறிகளை வைத்தது. ஒரு வகைப் பொறி மனித மூச்சையும் தோல் வாடையையும் காட்டிக் கொசுவை இழுக்கும். இன்னொரு வகை, முட்டையிட இடம் தேடும் பெண் கொசுவுக்குத் தண்ணீரைக் காட்டிச் சிறைபிடிக்கும். கூடவே, தேங்கிய நீரைத் தேடித் தேடி அகற்றினார்கள். முதல் ஆண்டிலேயே கொசு 98 சதவீதம் குறைந்துவிட்டது என்று விடுதி அறிவித்தது. மருந்துப் புகை நின்றதும் பட்டாம்பூச்சியும் தும்பியும் தேனீயும் திரும்பி வந்ததையும் பெருமையோடு சொன்னது.

அந்த விடுதியின் ஓரிரவு வாடகை நம்மில் பெரும்பாலோரின் மாதச் சம்பளத்தைத் தாண்டும். ஆனால் அங்கே தெரியவந்த உண்மை எல்லோருக்கும் உரியது. வெப்பமண்டலத் தீவுக்குப் போனால் கொசுக்கடி பட்டுத்தான் ஆக வேண்டும் என்று நாமே ஏற்றுக்கொண்டிருக்கிறோம். அது தவறு. தீவு என்பதாலேயே கொசுவை ஒடுக்க முடியும்.

காரணம், கொசுவின் இயல்பிலேயே இருக்கிறது. டெங்குவையும் சிக்குன்குன்யாவையும் பரப்பும் ஏடிஸ் கொசு நெடுந்தூரம் பறப்பதில்லை. பிறந்த இடத்திலிருந்து நூறு, இருநூறு மீட்டருக்குள்தான் அதன் வாழ்நாளில் பெரும்பகுதி கழிகிறது. சென்னையிலோ கொழும்பிலோ பக்கத்து வீட்டு மாடித் தொட்டியைக் குறை சொல்லலாம். நாலாபுறமும் கடல் சூழ்ந்த தீவில், அதுவும் ஒரே ஒரு விடுதி மட்டுமே இருக்கும் தீவில், குறை சொல்லப் பக்கத்து வீடு கிடையாது. அங்கே விருந்தினரைக் கடிக்கும் கொசு அந்த வளாகத்தின் பூந்தொட்டித் தட்டிலோ, கூரைநீர் வழியும் வாய்க்காலிலோ, பணியாளர் குடியிருப்பின் பின்னால் கிடக்கும் உடைந்த வாளியிலோ பிறந்தது. அதற்குப் பொறுப்பு யார் என்பதில் சந்தேகமே இல்லை.

ஆனாலும் தீவுச் சுற்றுலாவுக்குத் திட்டமிடும் தமிழ்க் குடும்பங்கள் கேட்கும் கேள்விகளில் இது வருவதில்லை. விமானக் கட்டணம், சைவச் சாப்பாடு, நீச்சல்குளம், குழந்தைக்குக் கூடுதல் கட்டில் என்று எல்லாம் விசாரிக்கிறோம். கொசு பற்றிய நினைப்பு, பெட்டி கட்டும் இரவில், களிம்புக் குழாய் எங்கே என்று தேடும்போதுதான் வருகிறது. அதற்குள் மாதம், தீவு, விடுதி, அறை நான்கும் முடிவாகியிருக்கும். கடி எவ்வளவு என்பதைப் பெரும்பாலும் அந்த நான்கும்தான் தீர்மானிக்கின்றன. களிம்பின் பங்கு அதற்குப் பிறகுதான்.

முதலில் மாதம். நம் கோடை விடுமுறை ஏப்ரல், மே. இந்தியப் பெருங்கடலின் வடபாதிக்கும் தென்பாதிக்கும் இந்த இரண்டு மாதங்களும் ஒன்றல்ல. மாலத்தீவில் ஜனவரி முதல் ஏப்ரல் வரை வறண்ட காலம். மே மாதம் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிடும். அங்கு டெங்கு பெரும்பாலும் ஜூன், ஜூலையில் உச்சம் தொடும். மொரீஷியஸ், ரீயூனியன் தீவுகளில் கணக்கு தலைகீழ். அங்கே டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை வெக்கையும் மழையும் புயலும். மே பிறந்தால் குளிர்ந்து உலரத் தொடங்கும். ஆகவே விடுமுறை மே கடைசியில்தான் என்றால் மாலத்தீவைவிட மொரீஷியஸ் நல்ல தேர்வு. பிப்ரவரி, மார்ச் என்றால் மாலத்தீவு நல்லது.

இலங்கைக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. கொழும்பு, காலி, பெந்தோட்டை அடங்கிய தென்மேற்குக் கரையில் மே முதல் ஜூலை வரை டெங்கு ஏறும். யாழ்ப்பாணமும் மட்டக்களப்பும் வடகிழக்குப் பருவமழையை நம்பியிருப்பவை. அங்கே நவம்பர் முதல் ஜனவரி வரைதான் கொசுவின் காலம். டிசம்பர் விடுமுறைக்கு உறவினரைப் பார்க்க யாழ்ப்பாணம் போகிறவர்கள் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும். திருகோணமலைக் கடற்கரைக்கு உகந்த காலம் மே முதல் செப்டம்பர் வரை. அப்போது கடலும் அமைதியாக இருக்கும், மழையும் குறைவு. 2017-இல் இலங்கையில் 1,86,101 பேருக்கு டெங்கு கண்டதாகப் பதிவானது. 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த அலையும் ஆண்டின் நடுவில், ஜூலையில்தான் உச்சியைத் தொட்டது.

நாட்காட்டி மட்டும் பார்த்தால் போதுமா என்றால், போதாது. கென்யக் கரையோரம் லாமு என்ற பழைய துறைமுகத் தீவு, சுற்றுலாவுக்குப் பேர்போனது. 2004-இல் அங்கு சிக்குன்குன்யா பரவி, மக்கள்தொகையில் முக்கால்வாசிப் பேரைத் தாக்கியதாகப் பின்னர் நடந்த இரத்தப் பரிசோதனை ஆய்வு கணித்தது. அது மழைக்காலம் அல்ல, கடும் வறட்சிக் காலம். மழை இல்லாததால் வீடுகளில் குடத்திலும் பீப்பாயிலும் தண்ணீரைச் சேமித்து வைத்தார்கள். மூடாத பாத்திரங்களில் ஏடிஸ் பெருகியது. மழைநீர்த் தொட்டியை நம்பி வாழும் எந்தச் சிறு தீவுக்கும் இந்த ஆபத்து உண்டு. ஏடிஸின் முட்டை உலர்ந்த நிலையில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தண்ணீர் பட்ட மாத்திரத்தில் பொரிந்துவிடும்.

லாமுவிலிருந்து அந்த நோய் கொமோரோஸ் போனது. 2005-இல் ரீயூனியன், மொரீஷியஸ், செஷல்ஸ் என்று தீவு தீவாகத் தாவியது. ரீயூனியன் பிரான்சின் பகுதி. நல்ல மருத்துவமனைகள் உள்ள தீவு. தமிழகத்திலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டவர்களின் சந்ததியார் கோயிலும் தீமிதியுமாக வாழும் தீவு. அங்கு 2005–06-இல் ஏறத்தாழ 2,66,000 பேர், அதாவது மூன்றில் ஒருவருக்கு மேல், மூட்டுவலியில் முடங்கினார்கள். வைரஸில் நேர்ந்த ஒரு சிறு மரபணு மாற்றம், அத்தீவில் மிகுதியாக இருந்த ஏடிஸ் அல்போபிக்டஸ் என்ற கோடுபோட்ட கொசுவிலும் அது எளிதாக வளர வழிசெய்தது. சுற்றுலா படுத்துவிட்டது. 2006-இல் அதே ஆப்பிரிக்க வழித்தோன்றல் வைரஸ் இந்தியாவிலும் பரவி, சுமார் 14 லட்சம் பேருக்குச் சிக்குன்குன்யா என்று சந்தேகிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் அந்த ஆண்டு குச்சி ஊன்றி நடந்தவர்கள் இன்னும் அதை மறந்திருக்க மாட்டார்கள். 2025-இல் ரீயூனியனுக்கு அந்நோய் மீண்டும் வந்தது. ஆண்டின் முதல் பாதிக்குள் 50,000-க்கும் மேற்பட்டோருக்குத் தொற்று உறுதியானது. உச்சம் ஏப்ரலில்.

எனவே மாதத்தோடு, அந்த ஆண்டின் நிலவரத்தையும் பார்க்க வேண்டும். பயணம் உறுதியாகும் முன் அந்த நாட்டின் சுகாதார அமைச்சகம் என்ன சொல்கிறது, உலக சுகாதார நிறுவனம் ஏதாவது எச்சரித்திருக்கிறதா என்று பார்க்கப் பத்து நிமிடம் போதும்.

மலேரியாவைப் பொறுத்தவரை செய்தி நல்லதாகவே இருக்கிறது. மாலத்தீவு 2015-இலும் இலங்கை 2016-இலும் மலேரியா ஒழிந்த நாடுகளாக உலக சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றன. மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் உள்ள கேப் வர்தே 2024 ஜனவரியில் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. அந்தமான் நிக்கோபாரில் கதை வேறு. அங்குள்ள அனோபிலஸ் சுண்டைக்கஸ் என்ற கொசு உவர்நீரிலேயே வளரும். 2004 சுனாமிக்குப் பிறகு கடல்நீர் புகுந்து தேங்கிய பள்ளங்கள் அதற்கு வாகாக அமைந்தன. இப்போது மலேரியா அங்கு மிகவும் குறைந்திருக்கிறது என்றாலும், போர்ட் பிளேரையும் ஹேவ்லாக்கையும் தாண்டிக் காட்டோரத் தங்கல்களுக்குப் போகிறவர்கள் இரவில் கொசுவலையில்லாமல் படுக்கக் கூடாது.

கடல்நீர் சூழ்ந்த இடத்தில் நன்னீர்க் கொசு எப்படி வரும் என்று நினைப்பவர்களுக்கு யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் நடந்த ஒரு முக்கியமான ஆராய்ச்சி இருக்கிறது. ரஞ்சன் ராமசாமி, சின்னத்தம்பி சுரேந்திரன் முதலிய ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட கட்டுரையில், ஏடிஸ் கொசுக்கள் கரையோரங்களில் வீசியெறியப்பட்ட பாத்திரங்களிலும் கைவிட்ட கிணறுகளிலும் தேங்கிய உவர்நீரிலும் முட்டையிட்டு வளர்வதைக் காட்டினார்கள். அதுவரை டெங்குக் கொசு நன்னீரைத் தவிர வேறெங்கும் வளராது என்பதே பாடம். கட்டுப்பாட்டுப் பணிகளும் அந்தப் பாடத்தின்படியே நடந்தன. தமிழ் ஆய்வாளர்கள் தம் ஊர்க் கரையில் நடந்து கண்டறிந்த இந்த உண்மையை, கடற்கரை விடுதி நடத்தும் ஒவ்வொருவரும் படித்திருக்க வேண்டும்.

இனி, புகை. பல தீவு விடுதிகளில் சாயங்காலம் ஓர் ஆள் முதுகில் இயந்திரத்தைச் சுமந்துகொண்டு வெண்புகை விட்டுப் போவார். அதைப் பார்த்ததும் விருந்தினருக்கு நிம்மதி. அந்த நிம்மதிக்கு ஆதாரம் குறைவு. பறந்துகொண்டிருக்கும் கொசுவில் ஒரு பங்குதான் சாகும். தண்ணீரில் நெளியும் புழுவையும் கூட்டுப்புழுவையும் புகை தொடுவதில்லை; இரண்டு மூன்று நாளில் அடுத்த படை கிளம்பிவிடும். அதே மருந்துக்கு ஆண்டுக்கணக்கில் பழகிய ஏடிஸ் கொசுக்கள் உலகின் பல இடங்களில் அதைத் தாங்கும் வலிமை பெற்றுவிட்டன. சாவது தேனீயும் பட்டாம்பூச்சியும். மருந்து மழையில் கரைந்து பவளப்பாறைக் கடலுக்கும் போகிறது. நோய் கொழுந்துவிட்டு எரியும்போது அவசரத்துக்குப் புகை அடிப்பதில் நியாயம் இருக்கலாம். தினசரிச் சடங்காகப் புகை அடிக்கும் விடுதி, தேங்கிய நீரைத் தேடும் வேலையைச் செய்யவில்லை என்றே பெரும்பாலும் பொருள்.

முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். ஆகவே வாரம் ஒருமுறை வளாகம் முழுவதும் நடந்து, தேங்கிய நீரைக் கவிழ்த்தால் அந்தச் சுற்று அறுந்துவிடும். செலவு அதிகமில்லை, இரண்டு ஆள், ஒரு டார்ச், ஒரு பதிவேடு. இந்த எளிய வேலை நடக்கிறதா என்று விடுதியிடம் கேட்க வேண்டும். வாரந்தோறும் நீர்நிலை சோதனை செய்வது யார்? பொறி வைத்திருக்கிறீர்களா? பணியாளர் குடியிருப்பிலும் அதே சோதனை நடக்கிறதா? இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். விருந்தினர் பக்கம் பளிங்குபோல் இருக்கும் பல இடங்களில், தமிழகம், வங்கதேசம், இலங்கை என்று எங்கெங்கிருந்தோ வந்து உழைப்பவர்கள் நெருக்கியடித்துக்கொண்டு தங்கும் பகுதி கவனிப்பாரற்றுக் கிடக்கும். அங்கே தொடங்கும் டெங்கு பகல் முழுவதும் விருந்தினர் நடுவிலும் பரவும். அதைவிட, அந்தத் தொழிலாளிக்கும் கொசுக்கடியில்லாமல் தூங்க உரிமை உண்டு.

மழுப்பலான பதில் வந்தால் வேறு விடுதி பார்க்கலாம். ‘எங்கள் தீவில் கொசுவே கிடையாது’ என்று சத்தியம் செய்கிறவரையும் நம்ப வேண்டியதில்லை. நூற்றாண்டுகளாகக் கொசுவே அறியாத ஹவாய்த் தீவுகளுக்கு 1826 வாக்கில் கப்பலின் குடிநீர்ப் பீப்பாய்களோடு கொசு வந்து இறங்கியது. அது பரப்பிய பறவை மலேரியாவால் அத்தீவுகளுக்கே உரிய தேன்சிட்டு இனங்கள் பல அழிந்தே போயின. உறைபனித் தீவான ஐஸ்லாந்திலேயே 2025 அக்டோபரில் முதன்முறையாக மூன்று கொசுக்கள் அகப்பட்டன.

கொசுவை ஒடுக்கும் வேலையை ஆழமாகச் செய்த தீவு ஒன்றைச் சொல்ல வேண்டும். பசிபிக் பெருங்கடலில் டஹிட்டித் தீவுக்கு வடக்கே டெட்டியாரோவா என்ற பவளத்தீவு வளையம் இருக்கிறது. நடிகர் மார்லன் பிராண்டோ 1960-களில் வாங்கிய இடம். 2014-இல் அவர் பெயரிலேயே அங்கு விடுதி திறக்கப்பட்டது. அத்தீவின் கொசு ஏடிஸ் பாலினீசியன்சிஸ். யானைக்கால் நோயைப் பரப்புவது. எலி கொறித்துப்போட்ட தேங்காயில் மழைநீர் நிற்கும். அதில் இது முட்டையிடும். நண்டு வளைகளிலும் வளரும். தீவில் தென்னையும் எலியும் நண்டும் எண்ணிலடங்காதவை. தண்ணீரைக் கவிழ்த்து மாளாது.

டஹிட்டியின் லூயி மலார்டே ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த எர்வே போசானும் அவர் குழுவினரும் வேறு வழி கண்டார்கள். வோல்பாக்கியா என்ற நுண்ணுயிர் பல பூச்சிகளின் உடலில் இயல்பாக வாழ்வது. தீவின் கொசுவிடம் இருப்பதற்குப் பொருந்தாத வோல்பாக்கியா வகையைச் சுமந்த ஆண் கொசுக்களை ஆய்வகத்தில் வளர்த்துத் தீவில் பறக்கவிட்டார்கள். ஆண் கொசு கடிக்காது. அவற்றோடு கூடிய பெண் இடும் முட்டைகள் பொரியாது. விடுதி அமைந்துள்ள ஒனெதாஹி என்ற சிறுதீவில் கொசு ஏறக்குறைய இல்லாமலே போயிற்று. 2022-இல் அந்த வளையத்தின் எலிகளையும் ஒழிக்கும் பணி நடந்தது. எலி போனால் கொறித்த தேங்காய் போகும். கடற்பறவையின் முட்டைகளும் பிழைக்கும். ஒரு துளி புகைமருந்து இல்லாமல் இத்தனையும் நடந்தன. சிங்கப்பூர் அரசும் ஏடிஸ் எஜிப்டி கொசுவுக்கு எதிராக இதே ஆண்கொசு வழியை 2016 முதல் அடுக்குமாடிக் குடியிருப்புப் பகுதிகளில் செய்துவருகிறது. ஆக, இது பணக்காரத் தீவுகளுக்கு மட்டுமான வித்தை அல்ல. அந்தமானிலும் லட்சத்தீவிலும் சுற்றுலாவைப் பெருக்கத் துடிக்கும் நம் அரசு, விடுதிக்கு அனுமதி தரும் முன்பே இத்தகைய கட்டுப்பாட்டுத் திட்டத்தை நிபந்தனையாக்க வேண்டும்.

அறையைத் தேர்ந்தெடுப்பதிலும் கொஞ்சம் யோசனை வேண்டும். கொசு வலுவாகப் பறக்கும் பூச்சி அல்ல. நல்ல கடற்காற்றை எதிர்த்து அதனால் ஆளை நெருங்க முடியாது. ஆகவே, தீவின் காற்று மோதும் பக்கத்து அறை நல்லது. தோப்புக்குள் ஒதுங்கிய அறை அழகாக இருந்தாலும் கடி அதிகம். மாலத்தீவில் கடல்மேல் கால்நட்டுக் கட்டிய குடில்களில் கொசு குறைவு என்பதற்கும் இதுதான் காரணம்: கீழே உப்புக்கடல், சுற்றிலும் காற்று. கூரையில்லாத குளியலறை, வாசலில் தாமரைத் தொட்டி, இலைக்குவளையில் நீர் தேக்கும் அன்னாசி இனச் செடிகள் உள்ள அறை என்றால் தயங்க வேண்டும். கரீபியனின் அரூபா, குராசவ் போன்ற வறண்ட, காற்றோயாத தீவுகளில் கடி குறைவாக இருப்பதும் இதே காரணத்தால்தான். அங்கும் ஊருக்குள் டெங்கு வரத்தான் செய்கிறது.

குறைந்த செலவில் மாலத்தீவு போகிறவர்கள் தங்குவது மாஃபுஷி போன்ற மக்கள் வாழும் தீவுகளின் விருந்தினர் இல்லங்களில். 2009-க்குப் பிறகுதான் அவற்றுக்கு வழி திறந்தது. நம் ஊர் நடுத்தரக் குடும்பங்களுக்கு மாலத்தீவைக் கைக்கெட்டச் செய்தவையும் அவையே. அங்கே வீட்டுக்கு வீடு மழைநீர்த் தொட்டியும் கட்டடவேலைக் குழிகளும் உண்டு. ஓர் இல்லம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அடுத்த வீட்டுத் தொட்டி கெடுத்துவிடும். அத்தகைய இடத்தில் ஜன்னலுக்கு வலை, அறைக்கு ஏசி, படுக்கைக்கு மேல் விசிறி மூன்றும் உண்டா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுவது நல்லது.

தேனிலவுக்குப் போகிறவர்களுக்குத் தனியாக ஒரு சொல். சிக்கா வைரஸின் முதல் பெரும் பரவல்கள் நிகழ்ந்ததே தீவுகளில்தான்: 2007-இல் பசிபிக்கின் யாப் தீவு, 2013-இல் பிரெஞ்சு பாலினீசியா. 2015-இல் மாலத்தீவிலிருந்து திரும்பிய பயணி ஒருவரிடமும் அது கண்டறியப்பட்டது. கர்ப்பத்தில் இருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சியை அது கெடுக்கும். உடலுறவு வழியாகவும் பரவும். கருவுற்றிருப்பவர்களும் அதற்குத் திட்டமிடுபவர்களும் டிக்கெட்டுக்கு முன் மகப்பேறு மருத்துவரிடம் கேட்டாக வேண்டும்.

களிம்பு விஷயத்தில் பேச்சு சுருக்கம்தான். டீட் அல்லது பிகாரிடின் 20 சதவீத அளவில் இருக்கும் விரட்டி வேலை செய்யும். குப்பியின் பின்னால் அளவைப் படித்து வாங்குங்கள். வெயில் களிம்பு முதலில், விரட்டி அதற்கு மேல். ஏடிஸ் கடிப்பது பகலில், குறிப்பாகக் காலையிலும் பொழுது சாயும் முன்பும். ஆகவே கடற்கரைக்குக் கிளம்பும்போதே பூச வேண்டும். இராச் சாப்பாட்டுக்கு முன் பூசுவது காலங்கடந்த காரியம். மத்தியானம் தூங்கும் குழந்தைக்கு வலை போடுங்கள்.

நோயைக் கொண்டுபோகிறவர்களாகவும் நாம் இருக்கலாம் என்பதை மறக்கக் கூடாது. மொரீஷியஸ் 1867-இல் மலேரியாவுக்குப் பல்லாயிரம் உயிர்களைக் கொடுத்தது. இறந்தவர்களில் இந்தியாவிலிருந்து போன ஒப்பந்தக் கூலிகள் ஏராளம். 1973-இல் ஒழித்துவிட்டதாகச் சான்று பெற்ற பிறகும், 1975 புயலை அடுத்து அது திரும்பி வந்தது. அதனால்தான் மலேரியா உள்ள நாடுகளிலிருந்து வருவோரின் விவரத்தை அத்தீவின் சுகாதாரப் பணியாளர்கள் வாங்கிவைத்து, தங்குமிடம் தேடி வந்து காய்ச்சல் உண்டா என்று கேட்கிறார்கள். நம் ஊரில் காய்ச்சலோடு விமானம் ஏறுகிறவர் அத்தனை பேர் உழைப்பையும் வீணாக்கிவிடக்கூடும். காய்ச்சல் இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

திரும்பி வந்த இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் முதல் வாக்கியமாக எந்தத் தீவுக்குப் போய் வந்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள். டெங்கு இல்லை என்று உறுதியாகும் வரை ஆஸ்பிரினும் இபுபுரூஃபனும் வேண்டாம். பாராசிட்டமால் மட்டும் போதும். அந்த நாட்களில் வீட்டிலும் கொசு கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்களைக் கடிக்கும் கொசு அடுத்த வீட்டுக் குழந்தைக்கு அதைக் கொண்டுபோய்விடும்.